முதல் கியரில்

இது எனக்கு நேராகத் தெரிந்த கதை அல்ல. என்னோடு வேலை பார்க்கும் இந்துமதிக்கு அவளுடைய அப்பா சென்னியப்பன் சொன்னது. ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் எனக்குச் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் கார் ஓட்டியதில்லை, அதனால் க்ளட்ச் என்றால் என்ன என்பதிலிருந்தே அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இடது காலால் மிதித்துப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் தனி, சக்கரம் தனி. காலை எடுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும், வண்டி பாயும் என்றாள். இந்தக் கதைக்கு அது போதும். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் மனதில் ஓடியதெல்லாம் அப்படியே இதில் வந்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். இரண்டு கை மாறி வந்திருக்கிறது, மூன்றாவது கை என்னுடையது.

வண்டிக்கு முன்னால் அவர் மனைவி கஸ்தூரி இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தினாள், போதும் என்று அர்த்தம், சென்னியப்பன் இடது காலைத் தரைவரை அழுத்தினார், முயல் நின்றது. முயல் என்பது வண்டியின் பெயர், கொடி விழுந்ததும் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு துள்ளும் என்பதால் அந்தக் காலத்தில் யாரோ வைத்தது, யார் என்று இப்போது ஞாபகம் இல்லை, வைத்தவன் இருக்கிறானோ இல்லையோ. சரியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், பின்சக்கரம் இரண்டும் தார்க்கோட்டில் படாமல். சண்டைக் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட சிமெண்ட் பாதை, பாளமும் பாளமும் சேருமிடத்தில் தார் ஊற்றியிருக்கும், வெயில் ஏறினால் இளகும், சக்கரம் அதன்மேல் நின்றுவிட்டால் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான், உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது. அதனால்தான் நாலு கியர் க்ளாஸில், அதாவது நாலு கியர் வண்டிகள் இரண்டிரண்டாக நேராக ஓடும் பந்தயத்தில், ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு கைகாட்டி. வண்டியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து, இப்படி அப்படி என்று கைகாட்டி, நிறுத்தியபிறகும் நகராமல் நிற்க வேண்டும், கொடிக்காரன் கொடியைத் தூக்கும்வரை, ஏனென்றால் வண்டி ஊரும், ஊர்ந்தால் சொல்ல ஆள் வேண்டும். இப்போது ஓடுகிற வண்டிகளுக்கு இதெல்லாம் எதற்கு, கொடிக்குப் பதில் ஓரத்தில் விளக்குக் கம்பம், உள்ளே கணினி, கியரை அதுவே மாற்றிக்கொள்கிறது, இடது கால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. காலையிலிருந்து அவைதான் ஓடின, விர்ரென்று ஒரே சத்தம், மேலும் இல்லை கீழும் இல்லை. நாலு கியர் வண்டி அப்படியா, முதல் கியரில் அலறி, ஒரு நொடி மூச்சை விட்டு, இரண்டாவதில் மறுபடி அலறி, அந்த ஒரு நொடி மௌனத்தில்தான் ஓட்டுகிறவன் யார் என்று தெரியும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது லாரன்ஸ், இது கருணாகரன் என்று சொல்லிவிடலாம். கருணாகரன் வேண்டாம். கொடி எங்கே. கொடிக்காரன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி ஒரு எட்டு வைத்தால் பானெட்டைத் தொட்டுவிடலாம், அவ்வளவு தூரத்தில் நின்றாள்.

"ரெண்டே நிமிஷம், எல்லாரும் மன்னிக்கணும்," என்று மைக்கில் ஒரு பையன் குரல். "அந்தக் கடைசியில நேரம் பார்க்கிற வயரை நாய் இழுத்துட்டுப் போயிருச்சு. எடுத்தாந்துட்டு இருக்காங்க." கூட்டம் சிரித்தது. பக்கத்துப் பாதையில் லாரன்ஸ், சிவப்பு வண்டி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டேய் சென்னி, அந்த நாய் உன்னோட ஆளாடா? பயந்துட்டு ஏவிவிட்டியா?" என்று கத்தினான். "உனக்கு எதுக்குடா நாய், நீயே கடிச்சிக்குவே," என்று இவரும் கத்தினார், குரல் நன்றாகத்தான் வந்தது, நடுங்கவில்லை. லாரன்ஸ் இன்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு, "நியூட்ரலுக்குப் போயிராதடா," என்றான், சொல்லிவிட்டுச் சிரித்தான், அந்தப் பழைய வார்த்தை. கோட்டில் வந்து நின்றபிறகு எந்தக் கியரும் இல்லாமல் நியூட்ரல் போடுகிறவன் ஆம்பளையே இல்லை என்று ஒரு காலத்தில் இதே இடத்தில் எல்லோரும் நம்பினார்கள். காரணமும் இருந்தது, சூடேறிய பழைய கியர்பெட்டி ஒருமுறை நியூட்ரலுக்குப் போனால் மறுபடி முதல் கியரில் விழாது, கரகரவென்று பல்லைக் கடிக்கும், அதற்குள் கொடி விழுந்துவிடும். ஆனால் காரணம் போனபிறகும் கேலி நிலைத்துவிட்டது, கல்யாணத்துக்குத் தயங்குகிறவன், சாராயம் வேண்டாம் என்கிறவன், எல்லோரும் நியூட்ரல்தான். வேறு யாராக இருந்தாலும், தெருவில் சிக்னலில் நிற்கிற யாராக இருந்தாலும், இப்போது நியூட்ரலைப் போட்டுக் காலை எடுத்திருப்பான். ஹேண்ட்பிரேக் கிடையாது, எடை குறைய அன்றே கழற்றிப் போட்டாயிற்று. வலது கால் ஆக்ஸிலேட்டரை விட முடியாது, விட்டால் இன்ஜின் அணைந்துபோகும், அணைந்தால் தோற்றாற்போல. இடது கால் ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது கால். செருப்பில்லாத கால், அதுவும் வழக்கம், க்ளட்ச் பிடிக்கிற இடம் உள்ளங்காலுக்குத்தான் தெரியும், தோல் செருப்புக்குத் தெரியாது என்பார்கள், வலது காலில் ஷூவும் இடது காலில் ஒன்றுமில்லாமலும் நாங்கள் நடந்துவருவதைப் பார்த்துக் கூட்டம் கைதட்டும். உள்ளங்காலுக்குத் தெரியும். தெரியும்.

"தெரியுதுங்களா?" என்று கேட்டார் டாக்டர், உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தெரியுது என்றார் சென்னியப்பன். "இப்ப?" தெரியுது. கண்ணை மூடிக்கச் சொன்னார். "இப்ப?" கொஞ்சம் யோசித்து, கட்டைவிரல் பக்கமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு, தெரியுது. "நான் கையையே கொண்டுவரலைங்க," என்றார் டாக்டர், வருத்தமாகத்தான் சொன்னார், கேலியாக இல்லை. வலது கால் பரவாயில்லை, இடது கால் முட்டிக்குக் கீழே ரொம்ப மந்தம், சர்க்கரை இத்தனை வருஷம் இருந்தால் அப்படித்தான், வெறுங்காலோடு நடக்காதீங்க. வெளியே மருந்து வாங்குகிற வரிசையில் நின்றிருந்த கஸ்தூரி திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். எல்லாம் நல்லாருக்குதாம் என்று அவர் சொன்னார். அதற்கு முன்னாலேயே ஒருநாள் சமையலறையில் உடைந்த டம்ளர் மேல் நடந்து கூடம் முழுக்க ரத்தமாக்கிவிட்டு, அவள் கூச்சல் போட்டபிறகுதான் கீழே பார்த்தார், கவனிக்கலை என்றார், கவனிக்காதது அல்ல. மகள் இந்து வாங்கிக்கொடுத்த வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை, அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. நாலு கியர் க்ளாஸ் ஒரே ஒரு நாள் மறுபடி நடத்துகிறோம் சார், நீங்க இல்லாம எப்படி என்று இப்போது பந்தயம் நடத்துகிற பையன்கள் வீட்டுக்கு வந்தபோது, கஸ்தூரிதான் முதலில் சிரித்தாள், நான் நிக்கறேனுங்க என்றாள், காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது. பாதம் இல்லாவிட்டால் என்ன, தொடை இருக்கிறதே, இடுப்பு இருக்கிறதே, க்ளட்ச் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தொடை சொல்லும், கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு மிதித்து மிதித்துப் பார்த்தாயிற்று, சொல்கிறது. இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. தொடை கடுக்கிறது, மேல்பக்கம் முழுக்கக் கம்பி இழுத்தாற்போல. கடுக்கட்டும். கடுத்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம். குனிந்து ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும், ஆனால் கோட்டில் நிற்கிறவன் கைகாட்டி முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, அப்படி எடுத்தான் என்றால் அவளுக்குச் சந்தேகம் வரும், என்னங்க என்று கேட்பாள், அவளுக்கு வந்த சந்தேகம் போகாது. வேர்வை கண்ணில் இறங்கியது. கஸ்தூரி சேலையை வரிந்து சொருகியிருந்தாள், அன்றைக்கு மாதிரியே. முதல்முறை நின்றபோது கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூடப் போயிருக்காது, வழக்கமாக நிற்கிறவனுக்குக் காய்ச்சல், யாராவது நில்லுங்கடா என்று இவர் கத்திக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்துவிட்டாள், விசிலடித்தார்கள், அவள் விசிலடித்தவன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்க வண்டிக்கும் ஆள் வேணுமா?" என்றாள், அவ்வளவுதான், சத்தம் அடங்கிவிட்டது. இந்து வயிற்றில் இருந்தபோதும் நின்றாள். ஏழாம் மாதம். எப்படி நிற்க வைத்தேன். அன்றைக்குப் பயமே இல்லை, பாதம் இருந்தது, பாதத்துக்குக் கீழே அந்த மிதி உயிருள்ள ஒன்று மாதிரி, மூச்சு வாங்குவதுகூடத் தெரியும்.

"ஏனுங்க, ஊருது," என்று கஸ்தூரியின் வாய் அசைந்தது. ஊருதா. இவர் தொடையை இன்னும் இறுக்கினார், அவள் தலையசைத்தாள், சரி என்று. இல்லை, ஊரவில்லை, காற்றில் வண்டி ஆடியிருக்கும், இன்ஜின் இப்படிக் குலுக்கினால் ஆடாமல் என்ன செய்யும். கருணாகரன் வண்டிக்கு முன்னால் நின்றது அவன் தம்பி. அதை நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்தது, ஆனால் நினைக்க வேண்டாம் என்று வைப்பதே ஒரு நினைப்பு, நாக்கு விழுந்த பல்லின் இடத்துக்கே போவதுபோல அங்கேதான் போகிறது. அன்றைக்கும் தாமதம். எதற்காக என்று மறந்துவிட்டது, இதே மாதிரி ஏதோ ஒன்று. எல்லோரும் முதல் கியரில் நின்றுகொண்டிருந்தோம், யாரும் நியூட்ரல் போடவில்லை. சத்தம் பெரிதாக இல்லை, அதுதான், பெரிய சத்தமாக இருந்திருக்க வேண்டும், மூட்டையைக் கீழே வைத்தாற்போல ஒரு சத்தம், பிறகு அந்தப் பையன் பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான், விழவும் இல்லை, யாரும் முந்திப் பாயாமல் இருக்கக் கொடி தூக்கும்வரை எதிரே அடுக்கியிருந்த டயர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் எப்படி விழுவான். உயிர் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த வருஷத்தோடு க்ளாஸை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம், கருணாகரன் அன்றைக்கு இடது காலிலும் ஷூ போட்டிருந்தான், அதனால்தான், வெறுங்காலாக இருந்தால் நழுவியிருக்காது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எவ்வளவு ஆறுதலாக இருந்தது அது. வெறுங்கால் ஏமாற்றாது. கருணாகரன் அந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தான், யாரும் டீ வேணுமா என்று கேட்கவில்லை. வண்டியை விற்றான், பிறகு ஊரை விட்டே போனான், காலையில் மைக்கில் பழைய ஓட்டுநர்களின் பெயர்களைப் படித்தபோது அவன் பெயர் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறை டயர் அடுக்கவில்லை, கஸ்தூரிக்குப் பின்னால் வெறும் பாதை, விழுந்தால் பின்பக்கம்தான் விழுவாள், விழுந்தால் என்று எதற்கு நினைக்கிறேன், விழுந்தபிறகு வண்டி நிற்குமா, முயல் நிற்காது.

வயர் வருகிறதாம். மைக்கில் சொன்னார்கள், கூட்டம் ஓவென்றது, பக்கத்தில் சிவப்பு வண்டி மறுபடி உறுமியது. இவரும் வலது காலை ஒரு அழுத்து அழுத்தினார், முயல் அலறியது, அந்தச் சத்தம் முதுகெலும்பில் ஏறி மண்டைக்குள் போனது, முப்பது வருஷம் காணாமல் போன சத்தம், பெட்ரோலும் சுட்ட ரப்பரும் கலந்த வாசனை, எங்கே போயிருந்தாய் இத்தனை நாள். அப்போதுதான் கவனித்தார், தொடை கடுப்பது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. எவ்வளவு லேசாக இருக்கிறது, இத்தனை நேரம் பிடித்தும் வலியே இல்லை, பழகிவிட்டது, உடம்பு மறக்கவில்லை, டாக்டருக்கு என்ன தெரியும், நைலான் நரம்புக்கு என்ன தெரியும். ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து மேலே வந்தது. அப்படியே காத்திருக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். கொடி வரட்டும், முதல் கியர் இதோ, இரண்டாவது பின்னால் இழுத்து, மூன்றாவது குறுக்கே மேலே, லாரன்ஸ் மூன்றாவதில்தான் தடுமாறுவான், எப்போதும் அங்கேதான், கஸ்தூரி ஓரமாகப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அந்தப் பக்கம் போய்விட்டிருப்பேன். கஸ்தூரி சிரித்தாள், இவர் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு. பிறகு முகத்தைச் சுளித்து ஒரு காலைத் தூக்கினாள், செருப்புக்குள் கல், ஒற்றைக் காலில் தடுமாறி, ஒரு எட்டு முன்னால் வந்து, இடது கையை பானெட்டின்மேல் ஊன்றிக்கொண்டு, குனிந்து செருப்பைக் கழற்றி உதறினாள். அவள் தலை கீழே போயிற்று, வகிடு தெரிந்தது, வகிட்டில் நரை, சாயம் போட மறந்த ஓரம். பானெட்டின்மேல் அந்தக் கை. ஐந்து விரலும் விரிந்து, வளையல் இன்ஜினின் குலுக்கலில் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டு. வண்டியை முழுசாக நம்பி ஊன்றிய கை. இவர் அதைப் பார்த்தார். தொடையைக் கேட்டார், தொடை ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை. கடுத்தால் கால் இருக்கிறது என்று அர்த்தம் என்று சொன்னது யார், நானே. கடுக்கவில்லை என்றால். நியூட்ரல் போடலாம், கியரை இழுக்கக் கையை எடுத்தால் உடம்பு அசையும், அசைந்தால் கால் என்ன ஆகும், கால் எங்கே. கொடிக்காரன் கக்கத்திலிருந்து கொடியை உருவினான். கஸ்தூரி இன்னும் நிமிரவில்லை. சென்னியப்பன் மற்றதையெல்லாம் அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலை மட்டும் சாவிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார்.

அணைந்தபிறகு எவ்வளவு அமைதி. பிறகு கூட்டத்தின் சத்தம் வந்தது, ஊளை, விசில், சிரிப்பு. "என்னடா சென்னி, நியூட்ரல்கூட இல்லையா, படுத்தே தூங்கிட்டியா?" என்றான் லாரன்ஸ், அதில் பாதி உண்மையான ஏமாற்றம். கஸ்தூரி ஒற்றைச் செருப்போடு ஜன்னலுக்கு வந்தாள், முகம் சிவந்திருந்தது. "ஏனுங்க, கொஞ்சம் ஆக்ஸிலேட்டரக் குடுத்துட்டே இருந்திருக்கக் கூடாதுங்களா, கொடியைத் தூக்கிட்டாங்க பாருங்க, இப்பப் போய்..." அவர் அவளைப் பார்க்கவில்லை, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அவளும் ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். க்ளட்ச் மிதி தரையோடு தரையாக இறங்கியிருந்தது. அதன்மேல் கால் இல்லை. கால் அதற்கு இந்தப் பக்கம், ஒருக்களித்து, தூங்குகிறவனின் கைபோலக் கிடந்தது.

"காலை எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"தெரியல."

"வெளையாடாதீங்க."

"தெரியல கஸ்தூரி. ரொம்ப நாளா தெரியல."

அவள் மிதியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு திரும்பி, தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். கையில் இருந்த செருப்பு கீழே விழுந்தது. "டாக்டரு நல்லாருக்குன்னாருன்னு சொன்னீங்களே," என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "நான்தானே நிக்கறேன்னு சொன்னேன்," என்றாள்.

லாரன்ஸ் தனியாக ஓடி ஜெயித்தான். சென்னியப்பன் மிதியைக் கையாலேயே தூக்கிவிட்டு இறங்கியதாகவும், பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் விட்டதாகவும் இந்துமதி சொன்னாள். அப்பா அவளிடம் சொன்னது அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு இடம் இடித்தது. கால் இல்லாமல் மிதி எப்படிக் கீழேயே நிற்கும்? இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோதும் நின்றதென்றால், வண்டி பாயாமல் இருந்ததற்கு அந்த மனிதர் காரணமே இல்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். நடக்கும் என்றார்கள். க்ளட்ச் கேபிளுக்குள் இழைகள் அறுந்து பிசிறு விட்டிருந்தால், அது உறையில் போய் மாட்டிக்கொள்ளும், மிதி மேலே வராது. எவ்வளவு நேரம் அப்படி நிற்கும் என்று கேட்டேன். சில சமயம் லேசா ஒரு ஆட்டத்துக்கே விட்டுரும், எப்பன்னு யாருங்க சொல்ல முடியும் என்றார்கள்.

பிறகு இந்துமதி வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, அவள் அம்மா தனியாக இருந்த சமயம் பார்த்து, தயங்கித்தான், அந்த மிதியைப் பற்றிக் கேட்டேன். கையால் தூக்கிவிட்டாராமே என்றேன்.

"அப்படியா சொன்னாரு?" என்றார் கஸ்தூரி அம்மா. "அவரு அதும்மேல கையே வெக்கல கண்ணு. எனக்கு நிக்க முடியல, சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறி உக்காந்தேன். கதவைச் சாத்தினேன். அந்த மிதி டப்புன்னு மேல வந்துச்சு."

ஓங்கிச் சாத்தினீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்றார். சும்மா சாத்துவதுபோலத்தான்.